மரகதம் வாபஸ் வாங்கப் போன நாள்

பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை நம்பினால், தொண்ணூற்றாறாம் ஆண்டு நான் கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தது பத்து நாள்கூட இல்லை. மரகதத்தின் ஊரில் போய்க் கேட்டால், அடுத்த ஆடி மாதம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன் என்பார்கள். இரண்டில் எது சரி என்று படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

என்னை அனுப்பியது என் அம்மா. யுத்த காலத்தில் சிங்கப்பூரில் பெண்களுக்கென்று ஒரு படை திரட்டினார்கள். பின்னலைக் கத்தரித்துவிட்டுத் துப்பாக்கி தூக்கக் கிளம்பிய பெண்களில் அம்மாவும் ஒருத்தி. கண்ணால் பார்த்தே இராத ஒரு நாட்டை விடுவிக்கப் போகிறேன் என்று புறப்பட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவர் அப்பா. இவள் உயிரோடு திரும்பினால் என் ஊர்ச் சாமி காரமடை ரங்கநாதருக்கு வெண்கல மணி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அம்மா திரும்பி வந்தாள். அப்பா ஐம்பது வருஷம் ரங்கநாதருக்குத் தவணை சொல்லியே போய்ச் சேர்ந்தார். அந்தக் கடனை அடைத்துவிட்டு வரத்தான் அம்மா என்னை அனுப்பினாள். துப்பாக்கி பிடித்த அந்தக் கை, கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவுக்குப் போவதற்கும் அப்பாவிடம் அனுமதி கேட்டு நின்றது. இதையும் அம்மாவே சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நான் சிங்கப்பூரில் தமிழாசிரியை. குரல் கொஞ்சம் பெரிது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நிற்கிற வியாதியும் உண்டு. எங்கள் ஊரில் ஓட்டுப் போடாவிட்டால் குற்றம். ஆனால் எங்கள் தொகுதியில் எதிர்த்து நிற்க ஆளே வருவதில்லை. வேட்பாளர்கள் போட்டியில்லாமலே ஜெயித்துவிடுவார்கள். அதனால் நாற்பத்தைந்து வயது வரை நான் ஒரு ஓட்டும் போட்டதில்லை. சட்டத்துக்கு இவ்வளவு அடங்கி நடந்தும் ஓட்டுச் சாவடியின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியாத ஒரு பிறவி.

கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கவனித்தது மரியாதையை. கூட்டத்தில் என் காலை மிதித்தவர், "பாத்து நில்லுங்க அம்மணி" என்றார். இரண்டு மடங்கு கூலி கேட்ட ஆட்டோக்காரர், "நீங்களே பாத்துக் குடுங்க" என்றார். படிக்கட்டில் நின்ற என்னைத் திட்டிய கண்டக்டர்கூட, "ஏனுங்க, உங்களுக்கு ஒரு தடவ சொன்னா ஏறாதுங்களா?" என்று இரண்டு 'ங்க' போட்டுத்தான் திட்டினார். சென்னையில் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

காரமடையில் மரகதத்தின் கணவர் சென்னியப்பன் டி.வி.எஸ். ஐம்பதோடு நின்றிருந்தார். மரகதம் என் சித்தப்பா மகள். என்னைவிட எட்டு வயது இளையவள். சென்னியப்பன் என் பெட்டியை முன்னால் நிறுத்தி, அதன் மேல் தாடையை ஊன்றி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் வாழையும் கறிவேப்பிலைத் தோட்டமும். கறிவேப்பிலையை ஏக்கர் கணக்கில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர் மார்க்கெட்டில் அதை ஒரு கொத்து, இரண்டு கொத்து என்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நகைபோல விற்பார்கள்.

ஊர் எல்லையில் ஒரு சுவரொட்டி. 'நமது வேட்பாளர் கவிதா' என்று எழுதியிருந்தது. படத்தில் முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். கவிதாவுக்கு மீசை எப்போது முளைத்தது என்று கேட்டேன். சென்னியப்பன் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடிவிட்டது. "அது மாமனாருங்க அக்கா. கவிதா அவரு மருமக. பொம்பளைப் பிள்ளை படத்தைச் செவுத்துல ஒட்டுனா நல்லாயிருக்குமுங்களா?" என்றார்.

மரகதம் பதினொரு வயது மகளோடு வாசலிலேயே சொம்புத் தண்ணீர் ஏந்தி நின்றாள். அப்புறம் அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, மேலே நெய் உருகி, பக்கத்தில் அப்பளம். போதும் என்றால் கேட்பதில்லை. இலையைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கில் போடுகிறார்கள்.

அன்று சாயங்காலமே சுவரொட்டி மீசை நேரில் வந்தது. ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஊரிலேயே அதிகத் தென்னையும், ஒரே வெள்ளை அம்பாசிடரும் அவருடையவை. முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவரும் அவரே. சென்னியப்பனுக்குப் பெரியப்பா முறை என்பதால் மரகதத்துக்கு மாமா. இந்தத் தடவை தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

"அதனால நம்ம மருமக நிக்குதுங்க அம்மணி. நான் பாத்துக்குவேன்," என்றார் என்னிடம்.

"பாத்துக்கப் போறது யாரு, நீங்களா மருமகளா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மருமகளின் மனுவில் ஏதாவது பிழை கண்டுபிடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று, பாதுகாப்புக்கு மரகதத்தையும் மனுப் போட வைத்திருக்கிறார். இதற்கு டம்மி என்று பெயர். இப்போது மருமகளின் மனு ஏற்கப்பட்டுவிட்டது. டம்மிக்கு வேலை முடிந்தது. நாளை மறுநாள் மூன்று மணிக்குள் மரகதம் காரமடை யூனியன் ஆபீசுக்கு நேரில் போய் வாபஸ் வாங்கிவிட்டால், கவிதா போட்டியில்லாமல் தலைவராகிவிடுவாள்.

"நாளான்னிக்கு மத்தியானம் காரைக் கொண்டுட்டு வாரேன் கண்ணு. வந்து கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு."

"ஆகட்டுங் மாமா," என்று மரகதம் மோரை நீட்டினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊரிலும் பெரும்பாலும் போட்டியே கிடையாது என்று எடுத்துவிட்டேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும், "சிங்கப்பூரே அப்புடித்தான் நடக்குதாமா" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போன இடத்தில் அரசியல் பேசக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்.

மறுநாள் விடிவதற்கு முன் மரகதம் என்னைத் தட்டி எழுப்பிக் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தாள். எதற்கென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரில் கழிப்பறை இருந்தது பெரிய தோட்டத்தில் மட்டும். மற்றப் பெண்கள் எல்லாரும் இருட்டோடு இருட்டாக ரோட்டோரப் புதருக்குப் போய்விட்டு வர வேண்டும். மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லாரி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததும் அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். லாரி போனதும் உட்கார்ந்தார்கள். அடுத்த லாரிக்கு மறுபடி எழுந்தார்கள். நானும் எழுந்தேன், உட்கார்ந்தேன். மந்திரி போகும்போதுகூட நான் இப்படி மரியாதை காட்டியதில்லை. எங்கள் ஊரில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் வந்தால் அபராதம். இங்கே அபராதம் போட யாருக்கும் வழியில்லை.

எனக்கு வந்தது சிரிப்பில்லை. திரும்பி வரும்போது கோபத்தில் காது சூடாகியிருந்தது.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையா?" என்றேன்.

மரகதம் ஊர் நடுவே இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். அதை ஒட்டிக் கொஞ்சம் புறம்போக்கு நிலம். அதில் பெரிய தோட்டத்தின் தேங்காய் மட்டையும் வைக்கோல் போரும் மலையாகக் கிடந்தன. "இதுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு எல்லாருந்தானுங்க கேட்டோம். பாக்கலாம்னு சொன்னாருங்க. இன்னும் பாத்துட்டே இருக்காரு," என்றாள். மீதியை அவள் சொல்லாமல் விட்டது, என் பெரிய குரல் பெரியவர் காதுவரை போய்விடும் என்ற பயத்தில்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வாபஸ் நாள் காலையில், அந்தப் பக்கத்து இடியாப்பமான சந்தகையும் தேங்காய்ப் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மரகதம், "இன்னைக்கே மணி வாங்கிப்போட்டு வந்துரலாங்க அக்கா. நல்ல நாளு," என்றாள்.

"நீ ஆபீசுக்குப் போகணுமே?"

"அதுக்குள்ளார வந்தரலாங்க."

நானும் நம்பினேன். காந்திபுரத்தில் ஒரு பாத்திரக்கடை விடாமல் நுழைந்தோம். மரகதம் ஒவ்வொரு மணியையும் அடித்து, காதைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். "இது கொஞ்சம் அழுவுதுங்க" என்றாள். "இது சளி புடிச்சாப்ல இருக்குதுங்க" என்றாள். கடைக்காரர்கள் அலுக்காமல் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்கள். நடுவில் நெய் ரோஸ்ட், காப்பி. பிறகு துணிக்கடையில் ஏறி, பத்துப் பதினைந்து சேலையைப் பிரிக்கச் சொல்லி, எதையும் வாங்காமல் இறங்கினோம். இடையிடையே, "மணி என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், நேரமாகிறதே என்று தவிக்கிறாள் என நினைத்து நான் அவளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்காநல்லூரில் ஒரு வார்ப்புப் பட்டறை இருக்கிறது, அங்கே மணி அருமையாக இருக்கும் என்று டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். போனால் பட்டறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "ஆரம்மணி நீங்க? பட்டறையைப் பூட்டி ஆறு மாசமாச்சுங்களே," என்றார். மரகதம், "அப்புடீங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்தில் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி காந்திபுரம் வந்து, முதல் கடையில் முதலில் அடித்த மணியையே வாங்கினோம்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மணியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நாக்கைக் கட்ட மறந்துவிட்டேன். ஒவ்வொரு குழிக்கும் டங் என்றது. முன் சீட்டுப் பெரியவர் ஒவ்வொரு டங்குக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துடியலூர் தாண்டுவதற்குள் ஒரு அம்மா என் மடியில் எட்டணா போட்டுவிட்டார்.

பின் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். மரகதத்துக்கு அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் தெலுங்கு தெரியும். என் காதில் தமிழாக்கிச் சொன்னாள். ஒருத்தி சொன்னதாவது: "எங்க வீட்டுக்காரர் என்னை நிக்கச் சொல்லிட்டார். நாற்காலியில் அவர் உட்காருவாராம்." இன்னொருத்தி: "அப்போ உனக்கு என்ன வேலை?" முதலாமவள்: "வழக்கமான வேலைதான். கூட்டத்துக்கு வர்றவங்களுக்குக் காப்பி." இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மரகதம் மட்டும் சிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் பஸ் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். கண்டக்டர், "அடுத்த வண்டி வருமுங்க" என்று மட்டும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நான் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் தூரத்தில் அந்த வெள்ளை அம்பாசிடர் வருவதைப் பார்த்தேன். ரோட்டு நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, மணியையும் ஆட்டி, காரை நிறுத்தினேன்.

சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்த பெருமையோடு திரும்பினேன். மரகதத்தின் முகம் செத்துப்போயிருந்தது.

காரைப் பெரிய தோட்டத்துக்காரரே ஓட்டி வந்திருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்த்து, காந்திபுரம் வரை தேடிப் போய், கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருக்கிறார். பின் சீட்டில் ஒல்லியாக ஒரு பெண். அவள்தான் கவிதா, மீசையில்லாத அசல் வேட்பாளர். "நல்ல வேளைங்க அம்மணி, கையைக் காட்டுனீங்க. நேரா ஆபீசுக்கே போயிரலாம்," என்றார் பெரியவர். நாங்கள் மூன்று பெண்களும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

மரகதம் என் தொடையில் கிள்ளினாள். சும்மா இல்லை, சதையைப் பிடித்துத் திருகினாள்.

"எதுக்குங்க அக்கா வண்டிய நிறுத்துனீங்க?" என்றாள், இன்ஜின் சத்தத்துக்குள் ஒளித்து. "மூணு மணி வரைக்கும் எங்காச்சும் சுத்திட்டு இருக்கோணும்னுதானுங்க உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"வாபஸ் வாங்க மாட்டேன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"மாமனுங்க அக்கா அவரு. மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க இல்லீன்னு சொல்றது? ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, சாமி காரியமாப் போயிட்டேன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல எடம் வேணுமுங்க அக்கா. எம்புள்ள அடுத்த வருசம் பெரியவளாயிருவா. அவளும் லாரிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கறதுங்களா?"

எனக்கு அந்த நிமிஷம் என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு பெண் விடிந்ததிலிருந்து அழுகிற மணி, சளி பிடித்த மணி என்று பாடுபட்டு ஓட்டிய நேரத்தை, நேரம் தவறாத சிங்கப்பூர்க்காரி நான் ஒரே கையாட்டலில் கெடுத்துவிட்டேன். கார் காரமடையை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் மடியில் மணி இருந்தது.

"ஐயா," என்றேன், வகுப்பறைக் குரலில். "முதல்ல கோவிலுக்குப் போகணும். சாமிக்கு வாங்கின மணியைக் கட்டுற வரைக்கும் வேற எந்தக் கட்டடத்துக்குள்ளயும் நுழையக் கூடாது. கூட வர்றவங்களும்தான்."

"அப்புடியொண்ணும் நம்ம பக்கம் இல்லீங்களே அம்மணி."

"சிங்கப்பூர்ல இருக்குங்க."

சிங்கப்பூர் மேல் அவர் வைத்திருந்த மதிப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் தயங்கினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்போது, அதுவரை வாயே திறக்காத கவிதா பேசினாள்.

"எங்கம்மா ஊருலயும் அப்புடித்தானுங் மாமா. மீறுனா கண்ணு போயிருமுங்களாமா."

மரகதம் திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். கவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் போவதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே வரியில் பொய்யைக் கெட்டிப்படுத்திவிட்டாள் அந்தப் பெண்.

"அப்பச் செரி. மொதல்ல கோயிலு, அப்பறம் ஆபீசு," என்று பெரியவர் வண்டியைத் திருப்பினார்.

கோவில் நடை சாத்தியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று பூக்கடைக்காரி சொன்னாள். பெரியவர் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார். ரங்கநாதர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அர்ச்சகரும் அப்படியே. "மணியைக் கார்ல வெச்சுட்டு வாங்களேன்," என்றார். கீழே வைக்கக் கூடாது என்றேன். "அப்ப நீங்க வெச்சுட்டு இருங்க, மரகதம் மட்டும் வரட்டும்." மரகதம் அதற்குள் மணியின் வளையத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "ரெண்டு பேருமாச் சேந்து வாங்குனதுங் மாமா," என்றாள்.

அவர் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் மரகதம் எழுந்து போயிருப்பாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டு விருந்தாளி முன்னால், கோவில் வாசலில், பூக்கடைக்காரி பார்த்துக்கொண்டிருக்க, தம்பி மகனின் மனைவியைச் சத்தம் போட அவரால் முடியவில்லை. அதே மரியாதை அவர் வாயையும் கட்டிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் என் கடிகாரத்தைப் பார்த்தேன். மரகதம் மட்டும் அன்று முதல் தடவையாக மணி என்னவென்று கேட்கவில்லை. முள் மூன்றைத் தாண்டியதும், "ஆகட்டும். சாமி காரியம்," என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

நடை திறந்ததும் மணியைக் கட்டினோம். அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்தேன். மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை அடித்தோம். கண்மூடி நின்ற கவிதாவிடம், என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "நான் தோத்துப்போகோணும்னுங்க," என்றாள். அவளுக்கு ஈரோட்டில் டீச்சர் டிரெயினிங் சேர இடம் கிடைத்திருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பெரியப்பன் மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?" என்று ராத்திரி சோறு தின்னவில்லை. மறுநாள் மரகதத்துக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. அதற்கடுத்த நாள் அவரே சுண்ணாம்பு கலக்கி, சொந்த வீட்டுச் சுவரில் பூட்டு வரைந்துகொண்டிருந்தார். சாவி மட்டும் கரண்டிபோல வந்திருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மரகதத்தோடு ஓட்டுக் கேட்கப் போனேன். எல்லா வீட்டிலும் உட்கார வைத்தார்கள். எல்லா வீட்டிலும் காப்பி. எல்லாரும், "ஆகட்டுங்க, போட்டுட்டாப் போச்சு," என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்த ஊரும் நம் பக்கம் என்றேன். மரகதம் சிரித்தாள். "மாமனுக்கும் இதேதானுங்க அக்கா சொல்லியிருப்பாங்க. பொட்டிக்கிட்ட மறைவுல நிக்கறப்பத்தான் அவங்கவங்க நெசத்தைச் சொல்லுவாங்க." எதிரே பெரியவர் கைகூப்பியபடி வந்தார். இரண்டு தரப்பும் நின்று, சௌக்கியம் விசாரித்து, என் அம்மா உடம்பையும் கேட்டுவிட்டு, அடுத்தடுத்த வீட்டுக்குள் நுழைந்தோம்.

நான் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சில வாரத்தில், காரமடை டெலிபோன் பூத்திலிருந்து மரகதம் கூப்பிட்டாள். ஜெயித்துவிட்டாள். எல்லா வீட்டிலும் 'ஆகட்டுங்க' வாங்கியிருந்த பெரியவர் எண்ணி முடித்த பிறகும் நம்பவில்லையாம். கவிதாவே பூட்டு சாவிக்குத்தான் குத்தினாள் என்று ஊரில் பேச்சு. சில மாதம் கழித்து எங்கள் ஊரிலும் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் வழக்கம்போல எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை. அன்று நான் வீட்டில் துணி துவைத்தேன்.

மரகதத்தின் அடுத்த போன்தான் என்னைக் குழப்பியது. "அக்கா, நீங்க இன்னும் எங்க ஊட்டுலதான் இருக்கீங்க," என்றாள்.

பெரியவர் ஒரு பேப்பரோடு வந்திருக்கிறார். தொட்டிப் பக்கத்துப் புறம்போக்கை அவர் வைக்கோல் போருக்கே விட்டுவிடும்படி ஒரு தீர்மானம். தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். "ஆகட்டுங் மாமா, அக்காளுக்குக் காச்சலு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும், பொறவு போடறேன்னு சொல்லிப்போட்டேனுங்க."

"நான் எப்பவோ ஊருக்கு வந்தாச்சே. அது அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமுங்களா? ஊரே தெரிஞ்சுதான் இருக்குது. ஆனா 'நீ பொய் சொல்றே'ன்னு எம்மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க சொல்லுவாரு?"

அப்படியே தை, மாசி, பங்குனி போயிற்று. அந்த ஊரில் எனக்கு டைபாய்டு வந்தது. கால் சுளுக்கியது. ஒரு தடவை கண் ஆபரேஷன்கூட ஆனது. பேப்பர் வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தது. போன் செய்யும்போதெல்லாம் என் உடம்பு அங்கே எப்படியிருக்கிறது என்று நான் விசாரித்துக்கொள்வேன். அம்மாவுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆடி மாதம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மறுபடி போன்.

"அக்கா, நேத்து உங்களை ஊருக்கு அனுப்பிச்சுப்போட்டேனுங்க."

"என்னடி ஆச்சு?"

"மாமன் வந்தாருங்க. 'சிங்கப்பூர் அம்மணிக்கு இப்ப எப்புடியிருக்குது'ன்னு அவரே எடுத்துக் குடுத்தாருங்க. அக்கா ஊருக்குப் போயிட்டாங்க மாமான்னேன். பேப்பரை எடுத்து முன்னால வெச்சாரு. முடியாதுங் மாமான்னு சொல்லிப்போட்டேன்."

"அப்படியேவா சொன்னே?"

"அப்புடியேதானுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"தண்ணி கேட்டாருங்க. குடுத்தேன். குடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு." உடனே அடுத்ததையும் சொன்னாள். "அக்கா, இன்னைக்குக் காலைல வைக்கோலை அவரு ஆளுகளே வந்து அள்ளிட்டுப் போனாங்க. நாளைக்குக் கக்கூசுக்குக் கடக்கால் தோண்டறோமுங்க."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள். யார் போனில் என்று கேட்டாள். மரகதம் என்னை ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டாளாம் என்றேன்.

துப்பாக்கி பிடித்த என் அம்மா எழுந்து போய் எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

"இப்பதான் வந்திருக்கே. போய் முதல்ல காலைக் கழுவிட்டு வா," என்றாள்.

நான் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.